பாலைவனத்தில் தண்ணீர் சேர்த்தவர்கள்



போன பங்குனி மாதம் ஒரு நாள் கணக்குத் தேர்வுக்கு நான் அரை மணி நேரம் தாமதமாக வந்தேன். காரணம் தண்ணி. எங்க தெருக் குழாயில் தண்ணி வராமல் லாரி வரும் என்று சொன்னார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. நானும் தம்பியும் ஆறு குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்றோம். லாரி வந்தபோது பள்ளி மணி அடித்துவிட்டது. கடைசி இரண்டு கணக்கு எனக்குத் தெரிந்த கணக்குதான், போட நேரமில்லை. வீட்டுக்குப் போய் அழுதேன்.

எங்க அப்பாயி, "அழுவாத கண்ணு. அந்தக் காலத்துல வானத்துல இருந்து வர்ற தண்ணிய விட மாட்டோம். இப்ப அதைச் சாக்கடையில விட்டுட்டுக் குழாயப் பாத்துக்கிட்டு நிக்கறோம்" என்றார்கள்.

அந்த வாரம்தான் சமூக அறிவியல் டீச்சர் தார் பாலைவனம் நடத்தினார்கள். ஜெய்சல்மேர் பகுதியில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை 200 மி.மீ.க்கும் குறைவு. நம் சேலத்தில் ஏறத்தாழ 900 மி.மீ. அப்படியானால் அங்கே மனிதர்கள் எப்படிக் குடியேறினார்கள்? எதைக் குடித்தார்கள்? டீச்சரிடம் கேட்டும், நூலகத்தில் படித்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

உப்பு நிலத்தில் ஒரு நகரம்

குஜராத்தில் கட்ச் பகுதியில் தோலவிரா என்ற இடம் உள்ளது. சிந்துவெளி நாகரிக மக்கள் கி.மு. 3000 முதல் கி.மு. 1500 வரை அங்கு வாழ்ந்தார்கள். சுற்றிலும் உப்பு நிலம். வற்றாத ஆறு கிடையாது. மழை பெய்தால் மட்டும் ஓடும் மன்சர், மன்ஹர் என்ற இரண்டு ஓடைகள்தான் உண்டு.

அந்த மக்கள் ஓடைகளின் குறுக்கே தடுப்பணை கட்டி, ஓடி வரும் நீரை நகரைச் சுற்றி வெட்டிய பெரிய குளங்களுக்குத் திருப்பினார்கள். ஒரு குளம் சுமார் 73 மீட்டர் நீளம், 29 மீட்டர் அகலம், 10 மீட்டருக்கு மேல் ஆழம்! இறங்கப் படிக்கட்டும் உண்டு. இரும்புக் கருவி இல்லாத காலத்தில் இதைச் செய்திருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ தோலவிராவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வயலையே குளமாக்கியவர்கள்

ராஜஸ்தானில் பாலி என்ற ஊரிலிருந்து ஜெய்சல்மேர் பக்கம் போய்க் குடியேறியவர்கள் பாலிவால் மக்கள். 15ஆம் நூற்றாண்டில் அவர்கள் 'கடீன்' என்ற முறையைச் செய்தார்கள். பாறை மேட்டில் விழும் மழை கீழே ஓடி வரும். அதைப் பள்ளமான இடத்தில் நீண்ட மண்கரை போட்டு நிறுத்துவார்கள். தண்ணீர் தேங்கி மண்ணுக்குள் இறங்கும். மேலே தண்ணீர் வற்றியதும் அந்த ஈர மண்ணில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அந்த ஈரத்திலேயே பயிர் விளைந்துவிடும். பாலிவால் மக்கள் 19ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்களை விட்டுப் போய்விட்டார்கள். குல்தரா என்ற அவர்களுடைய ஊர் இன்று இடிந்த சுவர்களாக நிற்கிறது. ஆனால் கடீன் வயல்களில் இன்றும் விளைச்சல் எடுக்கிறார்கள்.

பூட்டுப் போட்ட தண்ணீர்

குடிநீருக்கு வைத்திருந்தது 'டாங்கா'. வட்டமாகக் குழி தோண்டி உள்ளே சுண்ணாம்பு பூசிய நிலத்தடித் தொட்டி அது. சுற்றியுள்ள தரையைத் தொட்டியை நோக்கிச் சரிவாக அமைப்பார்கள். மழைக்கு முன்பே அந்த இடத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்வார்கள். செருப்புக் காலோடு யாரும் மிதிக்கக் கூடாது. ஆடு மாடு போகக் கூடாது. தொட்டிக்கு மூடி போட்டுப் பூட்டும் போடுவார்கள். நாம் பீரோவைப் பூட்டுகிற மாதிரி!

இன்னும் ஒன்று 'குயின்' என்ற ஒடுக்கமான கிணறு. சில இடங்களில் மணலுக்குக் கீழே ஜிப்சம் படிவு இருக்கும். அதற்கும் கீழே இருப்பது உப்புத் தண்ணீர். மழை நீர் ஜிப்சத்தைத் தாண்டி இறங்காமல் மணலில் ஈரமாகத் தங்கும். அந்த ஈரம் சொட்டுச் சொட்டாக ஊறும்படி ஓர் ஆள் மட்டும் இறங்கும் அகலத்தில் கிணறு தோண்டினார்கள். ஒரு நாளைக்குச் சில குடங்கள்தான் கிடைக்கும். ஜிப்சத்தை உடைத்து ஆழம் தோண்டினால் உப்புத் தண்ணீர் கலந்துவிடும். அதனால் ஆசைப்பட மாட்டார்கள்.

இதைப் படித்தபோது எங்க அப்பா நினைவு வந்தது. அப்பா கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறார். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் தரையைக் கூட்டிய தூசியைக்கூடக் கொட்ட மாட்டார்கள். அதில் வெள்ளித் தூள் இருக்கும் என்று சேர்த்து வைப்பார்கள். பாலைவன மக்கள் தண்ணீரை அப்படித்தான் சேர்த்திருக்கிறார்கள்.

மற்ற நாடுகளிலும் இப்படி உண்டு. ஜோர்டானில் பெட்ரா நகரத்தில் நபாட்டியர்கள் பாறையில் வாய்க்காலும் தொட்டியும் செதுக்கினார்கள். ஈரானில் மலையடிவாரத்து நிலத்தடி நீரைச் சுரங்க வாய்க்கால் வழியாக ஊருக்குக் கொண்டு வந்தார்கள். அது நிலத்துக்கு அடியிலேயே ஓடுவதால் வெயிலில் ஆவியாகாது.

நம் ஊரில்

நம் சேலத்துக்குக் குடிநீர் தருவதற்காக 1911இல் பனமரத்துப்பட்டி ஏரியைக் கட்டினார்கள். 1934இல் மேட்டூர் அணை வந்தது. பிறகு காவிரித் தண்ணீர் குழாயில் வந்ததும் ஏரியைக் கவனிப்பது குறைந்தது. சீமைக் கருவேலம் வளர்ந்தது. ராஜஸ்தானிலும் கால்வாய்த் தண்ணீர் வந்த பிறகு பல பழைய டாங்காக்கள் கவனிப்பில்லாமல் போயின. புதியது வந்ததில் தப்பில்லை. பழையதைக் கைவிட்டதுதான் தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

நாங்கள் போட்ட கணக்கு

நானும் என் தோழியும் நம் வகுப்புக் கட்டடத்தை நூல் பிடித்து அளந்தோம். நீளம் 20 மீட்டர், அகலம் 6 மீட்டர். பரப்பு 120 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர்.

ஜெய்சல்மேர் போல 150 மி.மீ. பெய்தால்: 120 × 150 = 18,000 லிட்டர்.
சேலம் போல 900 மி.மீ. பெய்தால்: 120 × 900 = 1,08,000 லிட்டர்.

எங்க வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு இரண்டு குடம், அதாவது 30 லிட்டர் ஆகும். 18,000 லிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 14,400 லிட்டர் மிஞ்சும். அது 480 நாளுக்கு வரும். பாலைவனத்து மழையே இந்தக் கூரையில் பெய்தாலும் ஒரு குடும்பம் ஒரு வருடத்துக்கு மேல் குடிக்கலாம்! நமக்கு அதைப் போல ஆறு மடங்கு பெய்கிறது. கணக்கு முடிந்ததும் நாங்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

நாம் செய்ய வேண்டியது

2003இலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். குழாய் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் குழியில் குப்பைதான் இருக்கிறது. எங்க லைன் வீட்டிலும் அப்படித்தான். நானும் தம்பியும் குழியைத் தூர் எடுத்தோம். புது ஜல்லி போட்டோம். மொட்டை மாடிக் குழாய் ஒன்றை டிரம்மில் விட்டு, வாயில் வெள்ளைத் துணி கட்டினோம். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடித்தோம். பாத்திரம் கழுவவும் துவைக்கவும் நான்கு நாள் வந்தது. அந்த நான்கு நாளும் நான் மணி அடிக்கும் முன்பே பள்ளிக்கு வந்தேன்.

தலைமை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பள்ளியின் மழைநீர்க் குழியைத் தூர் எடுக்க ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் தயாராக இருக்கிறோம். ஒரு சனிக்கிழமையும் இரண்டு மண்வெட்டியும் போதும். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடுவோம்.

தோழிகளே, நீங்களும் உங்க வீட்டுக் கூரையை அளந்து கணக்குப் போட்டு, அந்த விடையைக் கீழே உள்ள வெள்ளைத் தாளில் எழுதுங்கள். எல்லோருடைய விடையையும் கூட்டி அடுத்த இதழில் எழுதுகிறேன்.

மழை நீரைச் சேமிப்போம்! குடம் தூக்கும் நேரத்தில் படிப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி