தொட்டியில் தோன்றும் சிற்றுயிர்கள்

வீட்டில் வைத்திருக்கும் கடல்நீர் மீன்தொட்டியில், விலைக்கு வாங்காத உயிர்களும் சில நாள்களில் தென்படும். அவை பாறையின் துளைகளிலும் பாசியிலும் மறைந்து வந்தவை. அவை இன்னவை என அறியுமுன் அகற்றுதல் தகாது.

விளக்கை அணைத்துச் சிறிது நேரம் கழித்துக் கைவிளக்கும் உருப்பெருக்கியும் கொண்டு நோக்க வேண்டும். வடிவம், அசைவு, இருக்குமிடம் ஆகிய மூன்றும் அடையாளம் காட்டும்.

கண்ணாடியில் வெண்புள்ளிபோல் துள்ளித் துள்ளி நகர்வது துடுப்புக்காலி. ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமே உடைய இது மீன்களுக்கு உணவாகும். அசையாமல் ஒட்டியிருக்கும் சிறு வெண்சுருள், குழாய்ப்புழுவின் கூடு. அப்புழு நீரிலுள்ள நுண்துகள்களை வடிகட்டி உண்ணும். இருபுறமும் முள்மயிர் கொண்ட புழு, மீன்கள் உண்ணாது விட்ட இரையைத் தின்று தூய்மை செய்யும். ஆயினும் வெறுங்கையால் தொட்டால் மயிர் தைக்கும்.

பழுப்புநிற உணர்கொம்புகளை விரித்து நிற்கும் ஐப்டேசியா என்னும் கடற்சாமந்தியோ அருகிலுள்ள பவள உயிர்களைக் கொட்டும். அதைக் கிள்ளி எறிந்தால், எஞ்சிய சிறு துண்டும் புதிய உயிராக வளரக்கூடும்.

ஆராயாமல் அகற்றினால் நன்மை செய்வது அழியும். தீமை செய்வது பெருகும்.

பயிற்சி
1. ஐப்டேசியாவைக் கிள்ளி எறிதல் ஏன் தவறு?
2. பிரித்து எழுதுக: வெண்சுருள், வெறுங்கை.