வீல்சேர் வேன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். நடக்கும் பிள்ளையைக் கூட்டிப்போகிற தாய்க்கு அது ஒரு பஸ் பயணம், அவ்வளவுதான். மூளை முடக்குவாதமோ தசைச்சிதைவு நோயோ உள்ள பிள்ளையின் தாய்க்கு அது ஒரு முழு நாள் உழைப்பு. இடுப்பில் பிள்ளை, ஒரு கையில் மடக்கிய சக்கர நாற்காலி, தோளில் மருத்துவச் சீட்டுகள் வைத்த பை. பஸ் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் படியேறியாக வேண்டும். கூட்டம் நெருக்கினால் அன்றைய பயணம் அதோடு முடிந்தது. இப்படிக் கைவிட்ட பயணங்களைத்தான் 'சிகிச்சைக்கு ஒழுங்காக வருவதில்லை', 'பள்ளிக்கு நீண்ட நாள் வரவில்லை' என்று பதிவேடுகளில் எழுதுகிறோம்.

நாற்காலியிலிருந்து பிள்ளையை இறக்காமல், அப்படியே ஏற்றிச்செல்லும் வேன் இந்தக் குடும்பங்களின் நிலையை மாற்றும். அதைப் பற்றி நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடியாதா? வேனெல்லாம் வசதியானவர்களுக்கு.

உண்மை: மூன்று வயதில் தூக்கலாம். பத்து வயதில் பிள்ளையின் எடை 25 கிலோவைத் தாண்டும். மூளை முடக்குவாதத்தில் கை கால்கள் விறைத்துக்கொள்வதால், தூக்குகிறவரைப் பற்றிக்கொண்டு ஒத்துழைக்கப் பிள்ளையால் முடியாது. வீட்டிலிருந்து ஆட்டோ, ஆட்டோவிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து மருத்துவமனை வராந்தா, மறுபடி அதே வழி என்று ஒரு நாளில் பல தடவை தூக்கி இறக்கும் தாயின் முதுகெலும்பு எத்தனை ஆண்டு தாங்கும்? துணைக்குத் தந்தையும் போனால் அன்றைய கூலி போய்விடும். துறைமுகத்திலும் சிப்காட்டிலும் தினக்கூலிக்குப் போகிற வீட்டில் அந்த இழப்பு சின்னதல்ல.

உலகில் இந்த வேன் பிறந்ததும் ஆடம்பரத்துக்காக அல்ல. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரால்ஃப் பிரவுன் சிறு வயதிலேயே தசைச்சிதைவு நோய்க்கு ஆளானவர். வேலைக்குப் போய்வர வேறு வழியில்லாமல் தானே ஒரு பழைய தபால் ஜீப்பில் லிஃப்ட் பொருத்தினார். 1970-இல் அதையே ஒரு பெரிய வேனில் அமைத்தார். பிழைப்புக்கான தேவையிலிருந்து வந்த வண்டி இது.

நம்பிக்கை 2: டவுன் பஸ்தான் இலவசமாயிற்றே, பிறகென்ன?

உண்மை: தமிழ்நாட்டில் 2021 முதல் மாற்றுத்திறனாளிகளும் உடன் செல்பவரும் சாதாரண டவுன் பஸ்களில் கட்டணமின்றிப் போகலாம். பெரிய உதவிதான். ஆனால் சலுகை நீக்கியது டிக்கெட்டை மட்டும். படி அப்படியே இருக்கிறது. சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய தாழ்தளப் பேருந்துகள் சென்னையில் 2024 முதல் கூடுதலாக ஓடத் தொடங்கின. அதற்குப் பின்னால் மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றப் படியேறி நடத்திய நெடும் போராட்டம் இருக்கிறது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இன்னும் பெரும்பாலும் படி வைத்த பஸ்கள்தான். எல்லாப் போக்குவரத்தும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி அமைய வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 41-ஆம் பிரிவில் சொல்கிறது. தாழ்தளப் பஸ் வரும்வரை பிள்ளையின் வயது காத்திருக்காது.

நம்பிக்கை 3: சாதாரண வேனில் ஒரு பலகையைச் சாய்த்து ஏற்றிவிட்டு, கயிற்றால் கட்டினால் போதும்.

உண்மை: இது ஆபத்தான நம்பிக்கை. கட்டடங்களில் சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்பது விதி. வேனின் தளம் தரையிலிருந்து 60 செ.மீ. என்றால், அதே கணக்கில் 7 மீட்டருக்கு மேல் நீளமான சாய்தளம் வேண்டும். தெருவில் அதற்கு இடமேது? அதனால்தான் முறையான வண்டிகளில் தளத்தைத் தாழ்த்துகிறார்கள், அல்லது லிஃப்ட் வைக்கிறார்கள். சாய்தளம் சற்றுச் செங்குத்தாக இருந்தால் பின்னால் பிடித்துத் தள்ளப் பழகிய ஆள் இருந்தாக வேண்டும்.

உள்ளே போன பிறகுதான் முக்கிய வேலை. நாற்காலி முன்னோக்கி நிற்க வேண்டும். பக்கவாட்டில் நிறுத்தக் கூடாது. அதன் சட்டகத்தை முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு பட்டைகளால் வண்டித் தளத்தோடு இழுத்துப் பூட்ட வேண்டும். பிள்ளைக்குத் தனியாக, இடுப்பெலும்பின் மேலும் தோளின் குறுக்காகவும் செல்லும் சீட் பெல்ட் வேண்டும். நாற்காலியிலேயே இருக்கும் பெல்ட் பிள்ளை சரியாமல் உட்கார மட்டும் உதவும், விபத்தில் காப்பாற்றாது. இந்தப் பட்டைகளை மணிக்கு 48 கி.மீ. வேக மோதலை வைத்துச் சோதிக்கிறார்கள். அப்போது விசை எடையைப்போல் 20 மடங்காகிறது. 20 கிலோ நாற்காலி 400 கிலோ பாரமாய் முன்னால் பாயும். கயிறு அதைத் தாங்காது.

நம்பிக்கை 4: மாற்றியமைத்த வண்டி என்பது மாற்றுத்திறனாளி தானே ஓட்டுவதற்கு மட்டும். பிள்ளைக்காக வாங்க முடியாது.

உண்மை: 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறைப்படி, மாற்றுத்திறனாளி பயன்படுத்தும் வண்டி மட்டுமல்ல, அவருக்காகப் பயன்படுத்தும் வண்டியும் மாற்றியமைத்த வாகனம்தான். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் மாற்றிவிட்டு அப்படியே ஓட்டக் கூடாது; வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று, ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும்.

முழு வேன் வாங்க இயலாதவர்களுக்கு இடைநிலை வழியும் உண்டு. 2025-இல் மாருதி நிறுவனம் வேகன்-ஆர் காருக்கு, வெளிப்புறம் திரும்பும் சுழல் இருக்கையை 59,999 ரூபாய் விலையில் அறிமுகப்படுத்தியது. நிமிர்ந்து உட்காரக்கூடிய, இடம் மாற்றி உட்கார வைக்கக்கூடிய பிள்ளைக்கு இது உதவும். உடலுக்கேற்பச் செய்த நாற்காலியில் மட்டுமே உட்கார முடிகிற பிள்ளைக்கு வேன்தான் வழி.

நம்பிக்கை 5: பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். பிள்ளை ஏன் வெளியே போக வேண்டும்?

உண்மை: தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. உலக வங்கிக் கடனுதவியில் நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தின்கீழ் மாற்றுத்திறனாளிகளுக்காக அமைந்த 'விழுதுகள்' மையங்களும் நல்ல தொடக்கம். ஆனால் வீட்டுக்கு வருவது சிகிச்சை மட்டும்தான். வகுப்புத் தோழர்களும் கடற்கரையும் தில்லைத் தேரோட்டமும் வீட்டுக்கு வருவதில்லை. வீட்டிலிருந்தே கற்பதைக் கல்வி உரிமைச் சட்டம் கடும் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஓர் உரிமையாகத் தந்திருக்கிறது, கட்டாயமாக்கவில்லை. வண்டி இல்லாத ஒரே காரணத்தால் பிள்ளை வீட்டில் இருந்தால் அதை விருப்பம் என்று சொல்ல முடியாது.

நம்பிக்கை 6: ஒவ்வொரு குடும்பமும் ஒரு வேன் வாங்குவது நடக்கிற காரியமா?

உண்மை: வாங்க வேண்டியதில்லை. பெங்களூரில் 2013 முதல் சக்கர நாற்காலி ஏறும் வாடகை வண்டிகளை ஒரு நிறுவனம் ஓட்டிக் காட்டியது. முதுநகருக்கு ஒரு பொது வேன், சிதம்பரத்துக்கு ஒன்று என்று தொடங்கலாம். காலையில் பள்ளி, பகலில் கடலூர் மஞ்சக்குப்பம் தலைமை மருத்துவமனையும் அண்ணாமலை நகரும், மாலையில் மறுபடி பள்ளி.

இன்னொரு காரணமும் உண்டு. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 டிசம்பர் வெள்ளம் என எல்லாம் பார்த்த மாவட்டம் இது. பேரிடரில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு தர வேண்டும், அவர்களின் விவரங்களை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு. தண்ணீர் வருமுன் இந்தப் பிள்ளைகளைக் கூட்டிவர ஒரு வண்டி தயாராக இல்லாவிட்டால் அந்தப் பதிவேட்டால் யாருக்குப் பயன்?

பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்று. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனம், மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கும் தீவிர உதவி தேவைப்படும் பிள்ளையின் துணையாளருக்கும் போக்குவரத்து வசதி செய்துதர வேண்டும் என்று அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் குறிப்பிட்டுத் தலைமையாசிரியருக்கும் வட்டார வள மையத்துக்கும் எழுத்து மூலம் மனு கொடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு நகல் அனுப்புங்கள். தனியாகப் போகாமல், தெருவில் இருக்கும் மற்ற பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு போங்கள். நீங்கள் கேட்பது சட்டம் ஏற்கெனவே உங்கள் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த உரிமை.