நீரிழிவு நோயாளி வைத்தியசாலைக்குச் செல்லுமுன்னும் திரும்பிய பின்னும்

நீரிழிவு நகரத்துச் செல்வர்களின் வியாதி என்ற எண்ணம் கிராமங்களில் நெடுங்காலம் நிலவி வந்தது. அது பிழையாகும். சென்னை கோபாலபுரத்தில் டாக்டர் மோகன் நீரிழிவு வைத்தியசாலையும், அதனைச் சார்ந்த ஆராய்ச்சி ஸ்தாபனமும் இருக்கின்றன. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கழகத்துடன் அந்த ஸ்தாபனம் நாடெங்கும் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. அதன்படி இந்நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு.

இதற்கு முன்னரே, செங்கற்பட்டுப் பகுதியில் சூணாம்பேட்டைச் சுற்றிய 42 கிராமங்களுக்குப் பரிசோதனைக் கருவிகள் பொருத்திய மோட்டார் வண்டியை அனுப்பி, இந்த ஸ்தாபனத்தார் ஜனங்களைச் சோதித்தனர். நோய் கண்டவர்களில் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவே. இதனால் விளங்குவது யாது? நீரிழிவுச் சிகிச்சையின் பெரும்பகுதி நோயாளியின் வீட்டிலேயே நடைபெறுகின்றது.

செல்லுமுன்: இரவு உணவுக்குப் பின் எட்டு மணி நேரமாவது தண்ணீர் தவிர வேறெதுவும் அருந்தலாகாது, காப்பியும் கூடாது. அன்று காலை மருந்தை எப்பொழுது உட்கொள்வது என்பதை முன்னமே கேட்டறிதல் அவசியம். மருந்தை உட்கொண்டு பட்டினி கிடப்பது அபாயம். பழைய மருந்துச் சீட்டுகளையும், நாட்டு மருந்து உண்டால் அதனையும் எடுத்துச் செல்ல வேண்டும். டாக்டரிடம் நல்ல பெயர் வாங்கும் பொருட்டு இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருப்போர் உண்டு. இதனால் பயனில்லை. ‘ஹெச்.பி.ஏ.1.சி.’ என்னும் இரத்தப் பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாதத்து நிலையைக் காட்டிவிடும்.

வைத்தியசாலையில்: ஆகாரத்திற்கு முன்னும் பின்னும் இரத்தம் எடுப்பார்கள். சிறுநீரகத்தின் நிலையறியச் சிறுநீரைச் சோதிப்பார்கள். கண்ணில் மருந்து விடுவதால் சில மணி நேரம் பார்வை மங்கும். ஆகவே ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுதல் நலம். உள்ளங்காலில் மெல்லிய நைலான் இழையால் தொட்டு உணர்ச்சி உண்டா என்று பார்ப்பார்கள்.

திரும்பிய பின்: சர்க்கரை குறைந்துவிட்டது என்று மருந்தைத் தாமாகவே நிறுத்துவது பெருந்தவறு, குறைந்தது மருந்தினாலேயே. வியர்வை, நடுக்கம், கடும் பசி, மயக்கம் ஆகியவை தோன்றினால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்திருக்கலாம். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரத்திற்குள் குணமில்லையேல் மறுமுறையும் குடிக்க வேண்டும். பின்னர் உணவு கொள்ள வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. இன்ஸுலினை வெய்யிலும் அடுப்பனலும் படாமல் வைக்க வேண்டும்.

உழவர் முக்கியமாய்க் கவனிக்க வேண்டுவது பாதம். உணர்ச்சி குன்றிய காலில் முள் தைத்தாலும் வெந்நீர் சுட்டாலும் தெரியாது. அப்புண்ணே முற்றிக் காலை இழக்கச் செய்வதுண்டு. வயலுக்குச் செல்லும்போது செருப்பு அணிவதும், இரவில் இரு பாதங்களையும் விளக்கொளியில் பார்ப்பதும் காலைக் காக்கும்.

தமிழ்நாட்டு அரசாங்கத்தின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தில் 2021 முதல் வீட்டிற்கே நீரிழிவு மருந்து கொண்டுவந்து தரப்படுகின்றது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொண்டால், மருந்துக்காக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை.