இரு நாட்டு நல்கையும் கடையநல்லூரார் கொடையும்

பண்பாட்டு உறவு வளர இரு நாடுகள் கல்வியாளர்க்கும் கலைஞர்க்கும் வழங்கும் பொருளுதவியை நல்கை என்கிறோம். நல்குதலாவது திரும்பக் கேளாது கொடுத்தல். ஆயினும், பொருள் எவருடையதோ அவர் விருப்பமே ஆய்வின் போக்கையும் வகுத்துவிடுவதுண்டு.

1950ஆம் ஆண்டு இவ்வகையில் நினைக்கத்தக்கது. பிப்ரவரியில் இந்தியாவும் அமெரிக்காவும் ஃபுல்பிரைட் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. ஏப்ரலில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகத்தை நிறுவினார். ஃபுல்பிரைட் நல்கையில் நெடுங்காலம் அமெரிக்க நிதியே மேலோங்கி நின்றது. 2008இல் செய்த புதிய உடன்படிக்கைக்குப் பின்னரே இரு அரசுகளும் சமபங்கு ஏற்றன. நேருவின் பெயரும் அதனோடு இணைந்தது.

இவற்றுக்கு நான்காண்டு முன்னரே, அரசின் கையொப்பம் ஏதுமின்றி நம் வட்டாரத்தார் செய்த செயலொன்று உண்டு. பிழைப்புத் தேடிக் கப்பலேறிய கடையநல்லூர் மக்கள், சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீகின் வாயிலாக 1946இல் அங்கே உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியைத் தொடங்கினர். எட்டயபுரத்துச் சீறாப்புராண ஆசிரியரின் பெயர் கடல் கடந்தது. இரு நிலங்களும் அன்று ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தமையால் அதனை இரு நாட்டு உறவு என எவரும் எழுதி வைக்கவில்லை போலும்! பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த அது, சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப்பள்ளியாக நின்று 1982இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் அழியவில்லை. உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையம் இன்றும் அதனைத் தாங்கி நிற்கிறது.

இவ்வரலாற்றை இரு கரையிலும் ஆராய நல்கை கேட்போமாயின், வழங்குவோர் முதலில் வினவுவது சான்று எங்கே என்பதாகும். சான்று நம் வீட்டுப் பரணில் இருக்கிறது, அல்லது இருந்தது. தென்காசியில் ஒரு வீட்டுக்குச் சென்றோம். சிங்கப்பூர்க் கடிதங்கள் நிறைந்த தகரப் பெட்டியைக் கறையான் அரித்ததென்று, வெள்ளையடிக்கும்போது எரித்துவிட்டார்களாம். "ரெண்டு மாசம் முந்தி வந்திருக்கக் கூடாதா வாப்பா?" என்றார் அவ்வீட்டுப் பெரியம்மா. நம்மிடம் மறுமொழி இல்லை.

குற்றாலச் சாரலுக்குச் சிங்கப்பூர் உறவினர் வருகின்றனர். அருவியில் குளித்து வந்து திண்ணையில் அமர்ந்தால், பாட்டனார் கப்பலேறிய கதை தானே வரும். அவர் திரும்பும்போது கதையும் உடன் போய்விடுகிறது. வரும் சாரலில் நம் துறை மாணவர்கள் குறிப்பேட்டுடன் வருவார்கள். பெரியோர்கள் பெட்டியைத் திறந்து காட்டினால் போதும். கடிதம், நன்கொடைச் சீட்டு, நிழற்படம் எதுவாயினும் அங்கேயே படியெடுத்து, அன்றே திருப்பித் தருவோம்.