18 வயதுக்கு முன் சொந்தத் தொழில்

மகன் சைக்கிள் திருத்துகிறான், மகள் மருதாணி போடுகிறாள். இதையே தொழிலாக்கலாமா என்று யோசிக்கும் ஹொல்ஸ்டெப்ரோ பெற்றோரே, தாராளமாகச் செய்யலாம். முதலில் வேண்டியது அனுமதி. டென்மார்க்கில் 18 வயது நிறையாதவர் தனியே கடன் வாங்கவோ ஒப்பந்தம் செய்யவோ முடியாது. ஆனால் 15 வயது ஆகியிருந்தால், உங்கள் சம்மதத்தோடு ஃபமிலியரெட்ஸ்ஹூசெட் என்ற குடும்பச் சட்ட அலுவலகத்தின் ஒப்புதலும் பெற்று, பிள்ளை தன் பெயரிலேயே தொழில் நடத்தலாம்.

தொழிலை அரசின் விர்க் இணையதளத்தில் பதிந்தால் சிவிஆர் எனும் தொழில் பதிவு எண் கிடைக்கும். 12 மாத விற்பனை 50,000 குரோனரைத் தாண்டுமானால் மொம்ஸ் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு கட்டாயம். கவனியுங்கள், கணக்கு விற்பனைக்குத்தான், லாபத்துக்கு அல்ல. தாண்டாவிட்டாலும் லாபத்தை வரித்துறைக்குக் காட்டியே ஆகவேண்டும்.

தனி வங்கிக் கணக்கும் ஒரு கொப்பியும் போதும். தேதி, மாற்றிய டியூப், அதன் விலை, வாங்கிய கூலி எல்லாவற்றையும் பிள்ளையே எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். வாரம் ஒருமுறை கூட இருந்து பாருங்கள். நீங்கள் போட்ட முதலையும் கடனாகவே அதில் எழுதச் சொல்லுங்கள்.

வடை, ரோல்ஸ் விற்க எண்ணமா? அடுப்பு மூட்டும் முன்பே உணவுத்துறையிடம் விதிகளைக் கேட்டுவிடுங்கள்.