‘லீப்’ என்னும் ஆங்கில வினைச்சொல்

ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர் புதிய சொல்லொன்றைக் கண்டவுடன், அதற்கு நேரான தமிழ்ச்சொல் ஒன்றைப் புத்தகத்தின் ஓரத்திற் குறித்துக்கொள்வது வழக்கம். ‘லீப்’ என்பதற்கு எதிரே ‘குதி’ என்று எழுதிவிட்டால் அச்சொல் தம் வசமாயிற்று என்று எண்ணுவர். பின்பு ‘ஜம்ப்’ வரும். அதற்கும் ‘குதி’ என்பர். ‘ஸ்ப்ரிங்’, ‘பௌண்ட்’ என்பன வரும். அவற்றிற்கும் அதுவே விடை. இவ்வாறு நான்கு ஆங்கிலச் சொற்கள் ஒரே தமிழ்ச்சொல்லுக்குள் அடைபட்டுப்போகின்றன. ஆங்கிலத்தின் நுட்பம் இதனால் மறைவதோடு, குதித்தல், தாவுதல், பாய்தல், துள்ளுதல், தாண்டுதல் என்று நம் முன்னோர் பகுத்து வைத்த தமிழ் நுட்பமும் உடன் மறைகின்றது. ஆதலின், ‘லீப்’ என்னும் ஒரு வினையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பிறப்பும் பொருளும் ஆட்சியும் இவையென ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1. சொல்லின் பிறப்பு

‘லீப்’ பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்லேயபன்’ என வழங்கிற்று. அதற்கு ஓடுதல், பாய்தல் என்னும் இருபொருளும் உண்டு. இதன் உடன்பிறப்பாகிய ‘லௌஃபன்’ என்னும் ஜெர்மன் சொல் இன்று ஓடுதலையும், ‘லோப்பன்’ என்னும் டச்சுச் சொல் நடத்தலையும் குறிக்கின்றன. ஐஸ்லாந்து மொழியிலோ, பனியாற்றின் அடியிலிருந்து திடீரென உடைத்துக்கொண்டு வரும் வெள்ளத்தின் பெயர் இவ்வினத்துச் சொல்லையே ஈறாகக் கொண்டுள்ளது. இது தமிழர்க்கு வியப்பன்று. புலியும் பாயும், வெள்ளமும் பாயும் என்று நாமும் ஒரே வினையால் இரண்டையும் வழங்குகின்றோம் அல்லவா?

இக்குடும்பத்துச் சொற்கள் வேறு கோலத்திலும் ஆங்கிலத்திற் புகுந்துள்ளன. குதிரையின் நாலுகாற் பாய்ச்சலைக் குறிக்கும் ‘கேலப்’ பிரெஞ்சு மொழியின் வழியாக வந்த உறவு. பிறர் உரிமைக்குள் இடையே புகுந்தவனைக் குறிக்கும் ‘இன்டர்லோப்பர்’ என்பதன் பிற்பகுதியும் இவ்வினத்ததே. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மட்டுமே உரித்தாயிருந்த வாணிகத்தில் அனுமதியின்றித் தலையிட்ட வணிகரைக் கம்பெனியார் இப்பெயரால் இகழ்ந்தனர். அத்தகையாருள் ஒருவராய் வங்காளத்தில் வாணிகம் தொடங்கிய தாமஸ் பிட் என்பவர், பின்னர் அக்கம்பெனியாராலேயே சென்னைக் கவர்னராக நியமிக்கப்பெற்று, 1698 முதல் 1709 வரை ஜார்ஜ் கோட்டையில் இருந்து ஆண்டார். வேலி தாண்டியவரையே வேலிக்குக் காவலராக்கினர் போலும்!

‘ஜம்ப்’ என்பதோ இத்துணைத் தொன்மை உடையதன்று. அது 16ஆம் நூற்றாண்டிலேதான் ஏடுகளில் தோன்றுகின்றது. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில் ‘லீப்’ பல இடங்களிற் பயில, ‘ஜம்ப்’ நாகூமின் புத்தகத்தில் இரதங்களைப்பற்றிய ஓரிடத்தன்றி மற்றெங்கும் காணப்படாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

2. உருவமும் ஒலியும்

இவ்வினையின் இறந்தகாலம் இருவகையாக எழுதப்படும். ‘இ-டி’ என்னும் எழுத்துக்களைக் கூட்டி எழுதுவது ஒன்று. ‘டி’ என முடியும் வல்லெழுத்தொன்றை மட்டும் கூட்டி எழுதுவது மற்றொன்று. இரண்டும் பிழையற்றவை. பிரிட்டனில் பின்னதும், அமெரிக்காவில் முன்னதும் மிகுதி. பின்னதை எழுதுங்கால் உயிரெழுத்துக்கள் மாறாமல் நிற்பினும், ஒலிக்குங்கால் நெடில் குறுகி ‘லெப்ட்’ என்றாகும். ‘ஸ்லீப்’ என்பது ‘ஸ்லெப்ட்’ என்றும், ‘கீப்’ என்பது ‘கெப்ட்’ என்றும் ஆவதோடு இதனை ஒப்பிட்டு மனத்திற் கொள்க. நடுவில் நிற்கும் பகரத்தைத் தெளிவாக ஒலித்தல் வேண்டும். இன்றேல் இடப்பக்கத்தைக் குறிக்கும் ‘லெஃப்ட்’ என்பதாகக் கேட்போர் மயங்குவர்.

3. ‘லீப்’, ‘ஜம்ப்’ முதலியவற்றின் வேறுபாடு

‘ஜம்ப்’ அன்றாடப் பேச்சுக்குரியது. எவ்விதக் குதிப்புக்கும் பொது. நின்ற இடத்திலேயே மேலெழும்பி அங்கேயே இறங்கினும் அது ‘ஜம்ப்’ ஆகும். ‘லீப்’ என்பதிலோ ஓரிடத்தை விட்டு மற்றோரிடம் சேரும் கருத்து மேம்பட்டு நிற்கும். வீச்சும் விரைவும் அதில் மிகுதி. அதனாலேயே செய்யுளுக்கும் உயர்ந்த உரைநடைக்கும் அது பெரிதும் ஏற்புடைத்தாயிற்று. திடீரென்று ஓசை கேட்டுத் திடுக்கிடுதலை ‘ஜம்ப்’ என்பர். அவ்விடத்து ‘லீப்’ பொருந்தாது. விளையாட்டுப் போட்டிகளிலும் நீளந்தாண்டல், உயரந்தாண்டல் என்பவற்றிற்கு ‘ஜம்ப்’ என்பதே நிலைபெற்ற வழக்கு. ஆயின் மகிழ்ச்சி மேலீட்டால் இதயம் துள்ளுவதைச் சொல்ல ‘லீப்’ என்பதே சிறந்தது. வேர்ட்ஸ்வொர்த் 1802இல் வானவில்லைக் கண்டு பாடிய சிறுபாட்டில் இவ்வினையையே தெரிந்தெடுத்தார்.

‘ஸ்ப்ரிங்’ என்பது பதுங்கியிருந்து எழும் பாய்ச்சல். புலி பதுங்குவது பாய்வதற்கே என்னும் பழமொழியில் உள்ள பாய்ச்சல் அது. ‘பௌண்ட்’ என்பது மான் செல்வதுபோல் அடுத்தடுத்துத் துள்ளிச் செல்லுதல். ‘ஹாப்’ என்பது ஒற்றைக்காலால் நொண்டுதல். ‘வால்ட்’ என்பது கையையேனும் கோலையேனும் ஊன்றி மேலே எழும்பித் தாண்டுதல். வேறுபாடுகள் இவ்வளவே, உதாரணத்தோடு ஒருமுறை படித்தார்க்கு மறவா.

4. வேற்றுமைச் சொற்களோடு கூடும் முறை

பின்வரும் இடைச்சொல்லைப் பொறுத்து ‘லீப்’ தன் பொருளை மாற்றிக்கொள்ளும். ‘ஓவர்’ என்பதோடு கூடின் தடையொன்றைத் தாண்டுதல். ‘ஃப்ரம்’ என்பது புறப்பட்ட இடத்தையும், ‘இன்டு’ என்பது உட்புகுந்த இடத்தையும் காட்டும். ‘அட்’ என்பதோடு கூடின் ஒன்றின்மேற் பாய்தல். அதுவே வாய்ப்பைப் பற்றியதாயின், தயங்காது ஆவலுடன் ஏற்றுக்கொள்ளுதல். ‘டு’ என்பதோடு கூடி, முடிவு என்னும் பெயரைத் தழுவின், போதிய சான்றின்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுதல். தருக்கம் பயில்வோர் இக்கடைசி வழக்கை நன்கு உணர்தல் வேண்டும். படிப்படியாக ஏறவேண்டிய இடத்தில் இடைப்படிகளை விட்டுத் தாவினமையே அங்குக் குற்றமாகக் கூறப்படுகின்றது.

இடைச்சொல் எதுவுமின்றிச் செயப்படுபொருளை நேரே கொள்ளுதலும் உண்டு. சுவரை லீப் செய்தான் எனின் சுவரைத் தாண்டினான் என்பது பொருள். குதிரையை அவ்வாறு செய்தான் எனின், அதனைத் தாண்டச் செய்தான் எனப் பிறவினைப் பொருள் கொள்க.

5. தொடர்மொழிகள்

‘லீப் வருஷம்’ என்பதை அறியாதார் இல்லை. ஆனால் அதில் எது தாவுகின்றது? 365 நாட்களை ஏழால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். ஆதலால் ஒவ்வொரு பண்டிகைத் தேதியும் ஆண்டுக்கு ஒரு கிழமை முன்னேறும். பெப்ருவரியில் ஒரு நாள் கூடினால் இரண்டு கிழமை முன்னேறும். அஃதாவது ஒரு கிழமையைத் தாண்டிச் செல்லும். கிறிஸ்துமஸ் 2022இல் ஞாயிறும், 2023இல் திங்களும் ஆயிற்று. லீப் வருஷமாகிய 2024இல் செவ்வாயைத் தாண்டிப் புதனில் வந்தது. பெயரின் காரணம் இதுவே.

‘லீப்ஃப்ராக்’ என்பது, குனிந்து நிற்பவன் முதுகில் கையூன்றி மற்றவன் தாண்டும் விளையாட்டு. நம் சிறுவர் இதனைப் பச்சைக்குதிரை என்பர். ஆங்கிலேயர் தவளையைக் கண்ட இடத்தில் நாம் குதிரையைக் கண்டோம். ஆயினும் தவளையின் தாவலை நம் இலக்கணிகள் மறந்தாரல்லர். நூற்பாக்கள் இடையிலுள்ளவற்றைக் கடந்து சென்று இயையும் முறைக்கு நன்னூலார் ‘தவளைப் பாய்த்து’ என்றே பெயர் கூறினர்.

‘லீப்ஸ் அண்ட் பௌண்ட்ஸ்’ என்னும் தொடர் வளர்ச்சியின் மிகுவிரைவைக் குறிக்கும். அது எப்பொழுதும் பன்மையிலேயே வரும். ‘லுக் பிஃபோர் யூ லீப்’ என்னும் பழமொழிக்கு ஒத்தது, ஆழமறியாமற் காலை விடாதே என்னும் நம் பழமொழி. விளைவு தெரியாமற் செய்யும் துணிவை ‘இருளில் தாவுதல்’ என்பர். 1867இல் பிரிட்டனில் வாக்குரிமையைப் பெருக்கிய சட்டத்தை, அதனைக் கொண்டுவந்த மந்திரிசபையின் தலைவராகிய டெர்பி பிரபுவே இத்தொடராற் குறித்தார். அத்தாவல் நன்மையாய் முடிந்தது. 1958இல் சீனத்தில் மா சே துங் தொடங்கிய ‘பெரும் பாய்ச்சல்’ என்னும் திட்டமோ கொடிய பஞ்சத்தில் முடிந்தது. ‘லீப்’ என்னும் சொல் புறப்படுதலின் வேகத்தையே கூறும். சேருமிடம் நல்லதென்று உறுதி கூறாது.

‘லீப் ஆஃப் ஃபெய்த்’ என்பது நம் கல்லூரி மாணவர் அடிக்கடி கேட்கும் தொடர். வரலாற்றுச் சான்றுக்கும் நித்திய சத்தியத்துக்கும் இடையே தம்மாற் கடக்கவியலாத அகன்ற பள்ளம் உண்டென்று ஜெர்மானிய அறிஞர் லெஸ்ஸிங் 1777இல் எழுதினார். டென்மார்க்கு நாட்டு ஞானியாகிய கியெர்க்ககார்ட் 1846இல் வெளியிட்ட நூலில் அதனை எடுத்து ஆராய்ந்து, அப்பள்ளத்தைக் கடப்பது படிப்படியான வாதத்தால் அன்று, துணிந்த தாவலாலேயே என்னும் கருத்தை வற்புறுத்தினார். இத்தொடர் அவர் நூல்களில் இவ்வுருவில் இல்லையெனினும், அவர் பெயரோடு இணைத்தே வழங்கப்படுகின்றது.

6. தமிழிற் பெயர்க்கும் முறை

இனி, இவ்வினையைத் தமிழாக்குவது எங்ஙனம்? இதற்குச் சிறந்த ஆசிரியர் நம் கையிலுள்ள தமிழ் வேதாகமமே. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில் ‘லீப்’ என்று நிற்கும் மூன்று இடங்களை எடுத்துக்கொள்வோம். லூக்கா முதல் அதிகாரத்தில் எலிசபெத்தின் வயிற்றிலுள்ள பிள்ளையின் செயல் ‘துள்ளுதல்’ எனப்பட்டது. பதினெட்டாம் சங்கீதத்தில் மதிலைக் கடத்தல் ‘தாண்டுதல்’ எனப்பட்டது. ஏசாயா முப்பத்தைந்தாம் அதிகாரத்தில் முடவன் மானைப்போலச் செய்வது ‘குதித்தல்’ எனப்பட்டது. பின்னிரண்டு இடங்களிலும் எபிரெய மூலத்தில் உள்ளது ‘தாலக்’ என்னும் ஒரே வினை. அங்ஙனமிருந்தும் மொழிபெயர்த்தோர் ஒரே தமிழ்ச்சொல்லை இரண்டிடத்தும் வைக்கவில்லை. மதில் தடையாதலின் தாண்டுதல் என்றனர். நடக்கமாட்டாதவன் நலம்பெற்று எழுதலின் குதித்தல் என்றனர். சொல்லை மட்டும் நோக்காமற் செயலை நோக்கினமையாலேயே அவர்க்கு இது வாய்த்தது.

நாமும் அம்முறையைப் பின்பற்றலாம். உவகையாயின் துள்ளுதல். தடையாயின் தாண்டுதல். இரைமேலேனும் பகைமேலேனும் ஆயின் பாய்தல். மேலிருந்து கீழாயின் குதித்தல். ஒரு பற்றுக்கோட்டை விட்டு மற்றொன்றைப் பற்றுவதாயின் தாவுதல். அனுமன் மகேந்திர மலையை விட்டு இலங்கையை அடைந்த செய்தி கூறும் படலம் ‘கடல்தாவு படலம்’ எனப் பெயர்பெற்றமை காண்க. ‘கடல் குதி படலம்’ என்றிருப்பின், அவன் கடலுள் மூழ்கினான் என்றன்றோ கொள்வோம்?

இந்நோக்கில், மேற்கூறிய ‘லீப் ஆஃப் ஃபெய்த்’ என்பதை மாணவர் சிலர் ‘விசுவாசக் குதிப்பு’ என்று எழுதுவது எத்துணைப் பிழை என்பது விளங்கும். குதிப்பு எனின் பள்ளத்தில் விழுதலாகும். விசுவாசி பள்ளத்தை நாடுபவனல்லன், அக்கரையை நாடுபவன். ‘விசுவாசத் தாவல்’ என்பதே பொருந்தும். ஒரு சொல் மாறியதனால் துணிவு தற்கொலையாகத் தோன்றிவிடுகின்றது. சொற்பொருளறிதல் பரீட்சைக்கு மட்டும் உரிய சிறுகாரியம் அன்று என்பதற்கு இஃதொன்றே சாலும்.

ஆதலின் மாணவர் இனிப் புத்தகத்தின் ஓரத்தில் ஒற்றைச்சொல்லை எழுதுவதோடு அமையாது, அவ்வினைக்கு எழுவாய் எது, அதனைப் பின்தொடரும் இடைச்சொல் எது, புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் எவை என்னும் மூன்றையும் வாக்கியத்தோடு குறித்துக்கொள்வாராக. அவ்வாறு நூறு வினைகளைக் கற்றவர், அகராதியில் ஆயிரம் வினைகளை மனப்பாடம் செய்தவரினும் ஆங்கிலத்தை நன்கு கையாளுவர்; தம் தாய்மொழியையும் முன்னினும் நன்கு அறிந்தவராவர்.