மறைத்த பட்டியைத் திறப்பது யார்?

சேலம் புதிய பேருந்து நிலையத்திற்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என்று ஒவ்வொரு பேருந்தின் நெற்றியிலும் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறது. அது போதாதென்று நடத்துனர் படிக்கட்டில் நின்று "நாமக்கல்! நாமக்கல்!" என்று கூவுகிறார். படிக்க முடிந்தவர் பலகையைப் படித்து ஏறுகிறார். கண் தெரியாதவர் குரலைக் கேட்டு ஏறுகிறார்.

இப்போது ஒரு வேடிக்கையான பேருந்தைக் கற்பனை செய்யுங்கள். அதன் பெயர்ப்பலகை துணியால் மூடப்பட்டிருக்கிறது. அருகில் போய் விரலை நீட்டினால் துணி விலகும். விரலை எடுத்தால் மூடிக்கொள்ளும். நடத்துனரோ வாயே திறப்பதில்லை! இந்தப் பேருந்தில் யார் ஏறுவார்கள்? சிரிக்க வேண்டாம். பல இணையதளங்களின் பட்டி இப்படித்தான் இருக்கிறது.

பட்டி என்பது என்ன? மெனு என்று சொல்கிறோமே, அதுதான். மாவட்டத்தைப் பற்றி, துறைகள், சுற்றுலா, அறிவிப்புகள் என்று பக்கத்தின் மேற்பகுதியில் வரிசையாக இருக்கும் சொற்கள். ஒன்றின்மேல் மவுசின் அம்பைக் கொண்டுபோனால் கீழே ஒரு துணைப்பட்டி விரியும். பார்வையற்ற மாணவி ஒருத்தி கல்வி உதவித்தொகை அறிவிப்பைத் தேடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த அறிவிப்பு துணைப்பட்டிக்குள் இருக்கிறது. அம்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அவள் விசைப்பலகையைத்தான் நம்பியிருக்கிறாள். துணைப்பட்டி விரியாவிட்டால் கடைசித் தேதி கடந்துபோகும். அப்படி ஓர் அறிவிப்பு வந்ததே அவளுக்குத் தெரியாமல் போகும்.

கோளாறு எங்கே என்று அறிய, இணையப் பக்கம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போமா? அதில் மூன்று அடுக்குகள் உண்டு. முதலாவது ஹெச்.டி.எம்.எல். இது எலும்புக்கூடு. 'இது ஒரு பட்டியல், இது அதில் ஓர் உருப்படி, இது வேறு பக்கத்துக்குப் போகும் இணைப்பு' என்று உலாவிக்குச் சொல்வது இதுவே. இரண்டாவது சி.எஸ்.எஸ். என்னும் பாணித்தாள். நிறம், அளவு, இடம் எல்லாம் இதன் வேலை. உடை என்று சொல்லலாம். மூன்றாவது ஜாவாஸ்கிரிப்ட். இது அசைவு.

எலும்புக்கூடு ஒழுங்காக இருந்தால் எந்த உலாவியும் பட்டியைக் காட்டிவிடும். லின்க்ஸ் என்றோர் உலாவி இருக்கிறது. 1992இல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. படம் காட்டாது, எழுத்து மட்டுமே காட்டும். சரியாக எழுதிய பட்டி அதிலும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெளிவாக வந்து நிற்கும். திரைவாசிப்பானுக்கும் அதே எலும்புக்கூடுதான் வேண்டும். திரையில் உள்ளதைக் குரலாக மாற்றும் மென்பொருள் அது. நம் நடத்துனரைப் போல. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. இலவசமாகக் கிடைக்கிறது. பட்டியலுக்குள் நுழைந்ததும் அதில் எத்தனை உருப்படிகள் இருக்கின்றன என்றும் அது சொல்லிவிடும். கண்ணால் பார்ப்பவர் ஒரே பார்வையில் அறிவதை, காதால் கேட்பவர் அந்த எண்ணிக்கையால் அறிகிறார்.

சிக்கல் உடையிலும் அசைவிலும்தான் தொடங்கியது. 2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 உலகெங்கும் பரவியது. அம்பு மேலே வந்தால் தோற்றம் மாற வேண்டும் என்ற விதியை அது இணைப்புகளுக்கு மட்டுமே கடைப்பிடித்தது; பட்டியலின் உருப்படிகளுக்குக் கடைப்பிடிக்கவில்லை. எனவே பாணித்தாளால் மட்டும் விரியும் பட்டி அதில் விரியாது. 2003இல் பாட்ரிக் கிரிஃபித்ஸ், டான் வெப் என்னும் இருவர் சில வரி ஜாவாஸ்கிரிப்டைச் சேர்த்து இதைச் சமாளித்தார்கள். தங்கள் பட்டிக்கு சக்கர்ஃபிஷ் என்று பெயரிட்டார்கள். சுறாவின்மேல் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும் மீனின் பெயர் அது! பின்னர் இதே முறையின் அடுத்த வடிவத்தில் இன்னொரு மாற்றமும் வந்தது. துணைப்பட்டியை அடியோடு மறைக்காமல், திரையின் இடப்புறத்துக்கு வெகுதூரம் வெளியே தள்ளி வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் திரைவாசிப்பானுக்குக் கேட்கும். 'காட்டாதே' என்று பாணித்தாள் கட்டளையிட்டால் திரைவாசிப்பானும் அதைப் படிக்காது என்பதே காரணம்.

இங்கேதான் இந்தப் பாடத்தின் முக்கியமான இடம் வருகிறது. துணைப்பட்டியை மறைப்பது பாணித்தாள், திறப்பது ஜாவாஸ்கிரிப்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய உலாவி பாணித்தாளைப் புரிந்துகொள்கிறது. புதிய ஜாவாஸ்கிரிப்ட் அதற்குப் புரியவில்லை. என்ன ஆகும்? பூட்டு விழுந்துவிட்டது, சாவி வரவில்லை! மறைக்கும் வேலையையும் திறப்பவரிடமே ஒப்படைத்துவிட்டால்? ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால் அதுவே மறைக்கும், அதுவே திறக்கும். ஓடாவிட்டால் பட்டி முழுவதும் விரிந்தபடியே நிற்கும். பக்கம் சற்று நீளமாக, அழகு குறைந்து தெரியும். அவ்வளவுதானே? உதவித்தொகை அறிவிப்பு கைக்கு எட்டிவிடும்.

ஹெச்.டி.எம்.எல்.லுக்கே இந்த நற்குணம் உண்டு. தனக்குத் தெரியாத குறியைக் கண்டால் உலாவி அதைத் தாண்டிவிட்டு, உள்ளே இருக்கும் எழுத்தைக் காட்டும். 'டீட்டெய்ல்ஸ்' என்று ஒரு குறி இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே விரிந்து மூடும் பெட்டியை அது தரும். இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்குக் கடைசிவரை அது தெரியாது. அதனால் பெட்டியைத் திறந்தபடியே காட்டியது!

தமிழுக்கென்று தனித் தொல்லையும் இருந்தது. ஒருங்குறி பரவுவதற்கு முன் ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அது இல்லாத கணிப்பொறியில் எழுத்துகள் கிறுக்கலாகத் தெரியும். அதற்கு அஞ்சி, பட்டியின் சொற்களைப் படமாக வரைந்து ஒட்டியவர்கள் உண்டு. படத்துக்கு மாற்று எழுத்து கொடுக்காவிட்டால் திரைவாசிப்பானுக்கு அது ஊமைப் பலகைதான். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. இன்று சொற்களைப் படமாக ஒட்டுவதற்கு எந்தச் சாக்கும் இல்லை என்பது என் கருத்து.

பழைய உலாவியெல்லாம் பழங்கதை என்று நினைக்கிறீர்களா? விண்டோஸ் 7 உள்ள கணிப்பொறியில் குரோம் உலாவி 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அது 2023 தொடக்கத்தில் வெளிவந்தது. அதன்பின் வந்த வசதி எதுவும் அந்தப் பதிப்புக்குத் தெரியாது.

இனி ஒரு சோதனை. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் அதிகாரபூர்வத் தளங்களைத் திறவுங்கள். 1997இல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தாலும், இரு தளங்களும் தேசியத் தகவலியல் மையத்தின் ஒரே சட்டகத்தில் அமைந்தவை. மவுசைக் கழற்றி வைத்துவிட்டு டேப் விசையை மட்டும் அழுத்துங்கள். முதலில், முதன்மை உள்ளடக்கத்துக்கு நேரே தாவும் இணைப்பு வருகிறதா என்று கவனியுங்கள். அது இல்லாத தளத்தில், பட்டியில் நாற்பது இணைப்புகள் இருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் நாற்பது முறை டேப் அழுத்தியாக வேண்டும்! தொடர்ந்து அழுத்துங்கள். இப்போது எந்தச் சொல்லில் நிற்கிறீர்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிறதா? துணைப்பட்டி விரிகிறதா? ஷிஃப்ட்டோடு டேப்பை அழுத்தினால் பின்னோக்கி வர முடிகிறதா?

சுற்றுலாப் பக்கத்தை அடைய எத்தனை அழுத்தம் ஆயிற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் பள்ளிக்குத் தளம் இருந்தால் அதிலும் எண்ணிப் பாருங்கள்.